வெள்ளை மை பூசிய ஒரு பீக்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் தங்கை மகள் இந்த ஆண்டு வேதியியலில் பிஎச்டி சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மாமா, எங்களுக்கு ரிசர்ச் எதிக்ஸ்னு ஒரு பேப்பர் இருக்கு, ரெண்டு கிரெடிட். பழைய கொஸ்டின் பேப்பர் உங்களால யார்கிட்டயாவது கேட்டு வாங்க முடியுமா? நாலு வருஷப் பேப்பர் பார்த்தா போதுமாம், அதுலயே வந்துருமாம்" என்றாள். சிரித்துவிட்டேன். ஆராய்ச்சி நேர்மைக்கும் முக்கியமான கேள்வி, முக்கியமில்லாத கேள்வி உண்டா என்று கேட்டதற்கு அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கிய கடிதம் இது. நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் வெள்ளை மைக் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பேராசிரியர் இல்லை. ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையின் கருவி அறையில் 32 வருடம் வேலை பார்த்தவன். 1988இல் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன், 2020இல் ஓய்வு. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. ஸ்காலர்கள் சின்னக் குப்பியில் சாம்பிள் கொண்டுவருவார்கள். அதை ஐஆர் (அகச்சிவப்பு) அல்லது யுவி (புற ஊதா) ஒளியால் சோதிக்கும் கருவியில் ஓட்டி, வந்த வரைபடத்தைக் கையில் கொடுப்பது என் வேலை. கைடுக்கு (ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியருக்கு) முன்னால் ரிசல்ட்டைப் பார்ப்பவன் நான்தான். அதைப் பார்க்கும்போது ஸ்காலரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் நான்தான் பார்ப்பேன்.

முதலில் அந்த ரெண்டு கிரெடிட் விஷயம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019 கடைசியில் எல்லா பிஎச்டி மாணவர்களுக்கும் கோர்ஸ்வொர்க்கில் ஆராய்ச்சி, பிரசுர நெறிமுறை என்ற தாளைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். என் காலத்தில் புதிதாகச் சேருகிறவருக்குக் கிடைத்த ஒரே அறிவுரை "பார்த்து வேலை செய்யுங்க" என்பதுதான். தங்கை மகள் பாடத்திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மொத்தம் 30 மணி நேரம், 6 பகுதி. தத்துவமும் அறமும் 3 மணி. அறிவியலில் நடந்துகொள்ளும் முறைக்கு 5 மணி. இல்லாத எண்ணை எழுதுவது, இருக்கும் எண்ணை மாற்றுவது, அடுத்தவர் எழுத்தைத் திருடுவது எல்லாம் இதற்குள் வந்துவிட வேண்டும். மீதி 22 மணியும் பிரசுரம் பற்றியது: எந்த இதழில் போடலாம், எதில் போடக்கூடாது, சைட்டேஷன் எப்படி எண்ணுவது, ஹெச் இண்டெக்ஸ் என்றால் என்ன. கட்டுரை போடுவதற்கு 22 மணி. கட்டுரைக்குள் இருக்கும் எண் எங்கே பிறந்தது என்பதற்கு 5 மணி.

அந்த 5 மணியையும் அவர்களுக்கு ஒரு சனிக்கிழமை ஸ்லைடு போட்டு முடித்துவிட்டார்களாம். அதில் அவள் மனதில் நின்றது ஒன்றே ஒன்று: "பத்து பெர்சென்ட் வரைக்கும் ஓகே மாமா."

இந்தப் பத்து எங்கிருந்து வருகிறது என்றால், 2018இல் யுஜிசி கொண்டுவந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளிலிருந்து. தீசிஸுக்கும் ஏற்கெனவே வெளிவந்த எழுத்துக்கும் உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்காக விட்ட இடைவெளி இது. நம் பிள்ளைகள் அதை ரேஷன் அளவு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். தீசிஸ் பைண்டிங் செய்யும் டிடிபி கடையில் ஸ்காலர்கள் உட்கார்ந்து, 23 சதவீதத்தை 9 ஆக்குவதற்கு வார்த்தைக்கு வார்த்தை வேறு சொல் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 'கொதிநிலை' இருந்த இடத்தில் என்னத்தையோ போட்டு, படிக்கிறவனுக்கே கொதிக்கிற மாதிரி ஆக்கிவிடுவார்கள்.

சரி, சொற்களையாவது இந்த ஒற்றுமையைக் கணக்கிடும் சாஃப்ட்வேர் பார்க்கிறது. எண்களை யார் பார்ப்பது? யீல்டு (கடைசியில் கிடைத்த பொருளின் அளவு) 41 சதவீதம் வந்த இடத்தில் ஒருவர் 68 என்று எழுதினால், அது முழுக்க முழுக்க அவருடைய சொந்தக் கற்பனை. ஒற்றுமை பூஜ்யம். எந்தச் சாஃப்ட்வேரும் பிடிக்காது.

எண்ணை மாற்றும் பழக்கத்தைப் பிஎச்டிக்கு வந்து யாரும் கற்றுக்கொள்வதில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வை நினைத்துப் பாருங்கள். பியூரெட்டில் ஒரு கரைசல், பிப்பெட்டில் 20 மில்லி இன்னொரு கரைசல். நிறம் மாறும் இடத்தில் ரீடிங் எடுத்து எழுத வேண்டும். அட்டவணையில் கடைசிக் கட்டம் 'கன்கார்டன்ட் வேல்யூ'. இரண்டு தடவை செய்து இரண்டும் ஒத்துவந்தால்தான் அந்தக் கட்டத்தை நிரப்பலாம். நோக்கம் சரிதான்: ஒரு தடவை வந்தது தற்செயலாக இருக்கலாம், திரும்பச் செய்து பார். ஆனால் முதல் தடவை 19.8 வந்ததும் இரண்டாவது டைட்ரேஷனைச் செய்யாமலே கீழே இன்னொரு 19.8 எழுதாத பையனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் எழுதியவன்தான். உப்பு ஆய்வில் என்ன உப்பு என்று லேப் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, பிறகு அதற்கேற்ற சோதனைகளை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதுவோம். விடை முதலில், சோதனை அப்புறம். எம்எஸ்சி வரை ஏழு வருடம் இப்படி மார்க் வாங்கி வந்த பிள்ளையிடம் ஒரு சனிக்கிழமை ஸ்லைடு என்ன செய்யும்?

இதை அடுத்தவர் குறையாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. இனி வருவது என் கதை.

1994 என்று நினைக்கிறேன். அப்போது எங்களிடம் இருந்தது பேனா ஓடும் பழைய ஐஆர் கருவி. சாம்பிளைப் பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்து அகேட் கல்வத்தில் அரைத்து, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு பெல்லட் செய்து உள்ளே வைக்க வேண்டும். பேனா சார்ட் பேப்பரில் மெதுவாக ஓடும். பொருள் ஒளியை உறிஞ்சும் இடத்தில் கோடு கீழே இறங்கி ஏறும். பள்ளம்தான், நாங்கள் அதையும் பீக் என்றுதான் சொல்வோம்.

அறைக் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு, சார்ட்டின் அளவுகோலில் 2,350 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பீக் கொடுக்கும். சாம்பிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, துறையில் எல்லோருக்கும் தெரியும். தீசிஸில் ஒட்டும்போது அசிங்கமாக இருக்கிறது என்று ஸ்காலர்கள் சொல்வார்கள். டைப்பிஸ்ட் மேசையிலிருந்த வெள்ளை மையை எடுத்து அந்த இடத்தில் பூசி, காய்ந்ததும் மேலே பேனாவால் கோட்டைச் சேர்த்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவேன். என் கை சுத்தமாக இருக்கும். ஜெராக்ஸில் தெரியவே தெரியாது. 'சார் கைராசி' என்று பெயர் வேறு.

ஒரு சீனியர் ஸ்காலர் ஷிஃப் பேஸ் செய்துகொண்டிருந்தார். (அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஷிஃப் பேஸும் அதன் உலோகக் காம்ப்ளெக்ஸும் செய்யாத ஸ்காலரைக் காண்பதே கஷ்டம்.) ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து ஒரு புதுப் பொருள். முழுதாகச் சேர்ந்துவிட்டால் ஆல்டிஹைடுக்குரிய 1,700 பக்கத்துப் பீக் மறைந்து, 1,620 பக்கம் புதிதாக ஒன்று வரும். அவருக்கு 1,620 வந்தது. 1,700உம் இருந்தது, சின்னதுதான், ஆனால் இருந்தது. சேராத ஆல்டிஹைடு இன்னும் உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுக்க மூன்று வாரம் இருந்தது. "சார், அந்த 2,350ஐ எடுக்கிற மாதிரி இதையும் கொஞ்சம்..." என்றார். முழு வாக்கியத்தைக்கூட அவர் சொல்லவில்லை. நான் வெள்ளை மையை எடுத்தேன்.

அன்று எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்கு உதவி செய்தோம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று எனக்கும் பிரியாணி வந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே கைடிடம் ஒரு பெண் சேர்ந்தார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இரண்டு பஸ் மாறி வருவார். ஃபெல்லோஷிப் கிடையாது. சீனியரின் தீசிஸில் இருக்கும் பொருளைச் செய்து, அதிலிருந்து புதுக் காம்ப்ளெக்ஸ்கள் தயாரிக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. தீசிஸில் எழுதியபடியே எத்தனாலில் 3 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி வெளியேறாமல் கொதிக்கவைத்து) கொண்டுவந்தார். ஓட்டினேன். 1,700 நின்றது. 5 மணி நேரம் வைத்துப் பார்த்தார். நின்றது. 8 மணி நேரம். கரைப்பானை மாற்றினார், திரும்பத் திரும்பப் படிகமாக்கினார், ஆல்டிஹைடே பழசோ என்று புதுப் பாட்டில் வாங்கச் சொல்லி நடையாய் நடந்தார். பதினோரு தடவை அந்தக் குப்பியை என்னிடம் நீட்டினார். பதினோரு தடவையும் பேனா அந்த இடத்துக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நானும் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேனா இறங்கும்.

"சீனியருக்கு வந்தது, உனக்கு ஏன் வரலை?" என்று கைடு என் அறை வாசலில் வைத்தே கேட்டார். கைடைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தது ஜெராக்ஸ். அந்தப் பெண் என்னிடம், "எங்கேயோ நான்தான் தப்பு பண்றேன் சார்" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, பைல் அதே துறைத் தலைவர் மேசையில் இருந்தது என்பதெல்லாம் காரணங்கள்தான். நான் சொன்னது, "பெல்லட் இன்னும் கொஞ்சம் நல்லா அரைச்சுப் பார்க்கலாம்மா."

எட்டாவது மாதம் அவர் நின்றுவிட்டார். பி.எட். சேர்ந்ததாகச் சொன்னார்கள். அவர் மாதிரி பொறுமையாக, எது செய்தாலும் நோட்டில் தேதி போட்டு, அடித்த எண்ணும் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு எழுதுகிற ஸ்காலரை அந்த 32 வருடத்தில் அப்புறம் நாலைந்து பேரைத்தான் பார்த்தேன்.

பெரிய உலகத்திலும் இது நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் ஹென்றிக் ஷேன் என்ற இளம் இயற்பியலாளர் இருந்தார். நோபல் வாங்கிவிடுவார் என்றே பேசினார்கள். 2002இல் மாட்டினார். மாட்டியது எதனால் தெரியுமா? நாய்ஸால். வெவ்வேறு பரிசோதனை என்று சொன்ன வரைபடங்களில் கோட்டின் நடுக்கம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது. அளவு ஒத்துவரலாம், நடுக்கம் ஒத்துவராது. இந்தச் செய்தியைப் படித்தபோது கருவி அறைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு அற்பப் பெருமை. விசாரணைக் குழு கேட்டபோது அவரிடம் முறையான ஆய்வுக் குறிப்பேடு இல்லை. கம்ப்யூட்டரில் இடமில்லை என்று மூலக் கோப்புகளை அழித்துவிட்டாராம். 24 குற்றச்சாட்டில் 16 நிரூபணமானது. எனக்கு அவரைவிட, அவர் எழுதியதை நம்பி, தங்கள் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்து, வரவில்லையே என்று மாதக்கணக்கில் விழித்த மற்ற நாட்டு மாணவர்களைப் பற்றித்தான் நினைப்பு ஓடியது. அவர்களில் எத்தனை பேர் தன் கையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இப்போது வெள்ளை மை தேவையில்லை. மவுஸ் போதும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரேயால் படிகத்தைச் சோதிக்கும் கருவி) வரைபடத்தில் ஸ்மூத்திங் என்று ஒரு பட்டன் இருக்கிறது. தட்டத் தட்டக் கோடு வழுவழுப்பாகும், வேண்டாத சின்னப் பீக்குகள் கரைந்துபோகும். எவ்வளவு தட்டினோம் என்று எழுதிவிட்டால் அது முறை. எழுதாவிட்டால்? இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று எந்த ஸ்லைடும் சொல்வதில்லை. கருவி முன்னால் உட்காரவைத்துத்தான் காட்ட முடியும். இன்னும் பல கல்லூரிகளில் கருவியே கிடையாது. சாம்பிளைக் கூரியரில் வெளி லேபுக்கு அனுப்பி, இமெயிலில் படம் வரவழைக்கிறார்கள். பேனா ஓடுவதைப் பார்க்காத ஸ்காலர் அந்தப் படத்தை எதைக் கொண்டு சந்தேகப்படுவார்? போதாததற்கு வாட்ஸ்அப்பில் ஏஜெண்டுகள் வேறு. ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் பட்டியல்) பேப்பர் கேரண்டி, முதல் பெயருக்கு ஒரு ரேட், மூன்றாவது பெயருக்கு ஒரு ரேட். தங்கை மகள் சேர்ந்த இரண்டாவது வாரமே அவள் நம்பருக்கு ஒன்று வந்துவிட்டது. அடையாள அட்டைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் ராமனோடு வேலை செய்தவர். ராமன் விளைவை அறிவித்த 1928ஆம் ஆண்டு நேச்சர் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930இல் நோபல் ராமனுக்கு மட்டும். யாருடைய பங்கு எவ்வளவு என்று இன்றுவரை பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் திறந்து பார்ப்பது 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் நாள்வாரியாக எழுதிவைத்த டைரியை. எழுதிவைத்த மாணவனுக்கு அந்தப் பக்கங்களாவது சாட்சிக்கு நிற்கும். நோட்டு என்றாலே கைடுக்குக் காட்டக் கடமைக்கு எழுதுவது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் எழுதுவதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. புதிதாகச் சேருகிற ஸ்காலரின் நிலைமையை யோசியுங்கள். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது ஒழுங்காக வரவேண்டுமென்றால் கைடு கையெழுத்து வேண்டும். வருகைப் பதிவு, டாக்டோரல் கமிட்டி, சினாப்சிஸ், நாளைக்கு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம், எல்லாம் ஒரே ஆளின் பேனாவில். உதவித்தொகை இல்லாதவர் நிலை இன்னும் மோசம். கைடு வீட்டு ஈபி பில் கட்டப் போன ஸ்காலர்களை எனக்குத் தெரியும். வைவா என்றால் எக்சாமினருக்குக் கார், அறை, சால்வை, துறைக்கே சாப்பாடு. அதற்காக நகையை அடகு வைத்தவர்களையும் தெரியும். நல்ல கைடுகளும் நிறைய இருந்தார்கள், இருக்கிறார்கள். ஒருவர் தன் வீட்டுச் சாப்பாட்டையே ஸ்காலர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார். அது அவரவர் குணத்தைப் பொறுத்து நடக்கிறதே தவிர, ஏற்பாடாக எதுவும் இல்லை. இப்படி ஒரே மனிதரை நம்பி நிற்கிற பிள்ளை, "சார், உங்க பேப்பர்ல இருக்கிற ரிசல்ட் எனக்கு வரலை" என்று எப்படி வாயைத் திறக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். சேர்ந்து ஒரு மாதமாகியும் துப்பட்டாவை எப்படிக் கட்டிக்கொண்டு லேபுக்குள் வரவேண்டும் என்று தங்கை மகளுக்கு யாரும் சொல்லவில்லை. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு லித்தியம் சேர்மத்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போது 23 வயதுப் பெண் ஒருவருக்குத் தீப்பிடித்து, 18 நாளில் இறந்துபோனார். லேப் கோட் போட்டிருக்கவில்லை. மேலே போட்டிருந்தது செயற்கை இழைத் துணி. நம் லேபுகளில் நைலெக்ஸ் புடவையும் பாலியஸ்டர் சுடிதாரும்தான். இதற்கும் கிரெடிட் கிடையாது.

என் கோரிக்கை ஒன்றுதான். துணைவேந்தர்களோ, உயர்கல்வித் துறையில் யாரோ இதை வாசித்தால் யோசிக்கட்டும். முதல் பருவத்தில் ஒவ்வொரு புது ஸ்காலரும் தன் துறை அலமாரியிலிருந்து ஒரு பழைய தீசிஸை எடுத்து, அதில் ஒரே ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்யட்டும். கைடு சம்பந்தப்பட்ட தீசிஸாக இல்லாமல் வேறொருவருடையதாக இருந்தால் நல்லது. பக்க எண் அச்சிட்ட, பைண்ட் செய்த நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். தப்பை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும். கருவியிலிருந்து வரும் மூலக் கோப்பு ஸ்காலரும் கைடும் அழிக்க முடியாத ஓர் இடத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த ரெண்டு கிரெடிட்டில் பாதி மார்க்கை அந்த நோட்டுக்குக் கொடுங்கள். விடை ஒத்துவந்ததா இல்லையா என்பதற்கு மார்க் கிடையாது. ஒத்துவராவிட்டால், வராத விவரத்தை ஒரு பக்கம் எழுதி அந்தத் தீசிஸின் பின்னட்டைக்குள் செருகிவைக்கட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக 'எனக்கு வரவில்லை' என்று எழுதி முழு மார்க் வாங்கும் அனுபவம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும். பாடம் எடுக்கும்போது ஒரு மணி நேரமாவது கருவி அறை ஆட்களையும் கூப்பிடுங்கள். எங்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

நேரமில்லை என்பார்கள். கோர்ஸ்வொர்க் எப்படியும் ஒரு பருவம் ஓடுகிறது. கெமிக்கல் செலவு என்பார்கள். ஒரு வைவா சாப்பாட்டுச் செலவில் ஒரு வருடத்துக்கு ஓட்டலாம். பழைய ஆட்களின் மனம் புண்படும் என்பார்கள். புண்படும்தான். முதலில் புண்படப்போகிறவர்களில் நானும் ஒருவன்.

2011இல் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பள்ளி ஆசிரியை ஆகியிருந்தார். கூட ஒரு மகள். என்னை அடையாளம் கண்டு, "சார்!" என்று ஓடி வந்தார். மகளிடம், "அம்மாவுக்கு ரிசர்ச் கை வரலை, இந்த சார்தான் எவ்வளவோ உதவி பண்ணாங்க" என்று சொன்னார். பஸ் வந்துவிட்டது என்று நான் கிளம்பினேன். பஸ் வரவில்லை.

அவர் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். அன்று கையில் இருந்தது. அதனால்தான் அந்தப் பகுதியை வெட்டாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். அம்மா, உங்கள் கையில் தப்பு எதுவும் இல்லை. சீனியர் கொண்டுவந்த சாம்பிளிலும் 1,700 இருந்தது. அதை அழித்தவன் நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெக்னிக்கல் ஆபீசர்,
தென்காசி.
(பெயர் வெளியிட வேண்டாம். ஊர் போட்டால் போதும், தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.)